கிரைண்டர் ஓடும்போது பேசியது

"கிரைண்டரைத் திருப்பிக் கொடு. இல்லேன்னா நீயே வந்து என் பையனைத் தூங்க வை."

சனிக்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே அனந்தகிருஷ்ணனின் கண்ணில் பட்டது இதுதான். ஒற்றை நட்சத்திரம். அதற்குக் கீழே இன்னொருவர், "நல்லா இருந்த ஆப்பைக் கெடுத்து வெச்சுட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய், வார்த்தையே எழுதாமல் வரிசையாக அழும் முகங்களைப் போட்டிருந்தாள்.

அனந்து லேப்டாப்பை மூடினான். உடனே திறந்தான். மறுபடி மூடிவிட்டு பால்கனிக்குப் போய் நின்றான். அஸ்தினாபுரத்தின் தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு மீனம்பாக்கம் நோக்கி இறங்கியது. திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தான். அதற்குள் இன்னும் இரண்டு பேர் திட்டியிருந்தார்கள்.

'கண்ணயர்' என்பது அவன் தன்னந்தனியாக உருவாக்கிய ஆப். கைக்குழந்தைகளைத் தூங்க வைக்கும் சத்தங்கள் அதில் இருக்கும். புல்லாங்குழல், வீணையெல்லாம் கிடையாது. தகரக் கூரையில் விழும் மழை, பீச் லோக்கல் ரயிலில் கடகடக்கும் மின்விசிறி, தூரத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று நம் வீடுகளின் சத்தங்கள்தான். அவற்றுக்கெல்லாம் ராஜா கிரைண்டர். பிறந்த ஊரைவிட்டு எங்கெங்கோ போய்க் குடியேறிய தம்பதிகள், அந்தக் கிரைண்டர் சத்தத்துக்காகவே மாதச் சந்தா கட்டினார்கள்.

போன திங்கட்கிழமை அனந்து அந்தச் சத்தத்தை மாற்றினான். எல்லாம் வருமானத்தைக் கூட்டும் ஆசையில்தான். காசு கொடுக்கிறவர்களுக்குச் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டாமா? எல்லாப் பதிவுகளையும் இரைச்சலை நீக்கும் மென்பொருளில் போட்டு அலசி எடுத்தான். 'ஸ்டூடியோ தரம்' என்று பெருமையாக அறிவிப்பும் போட்டான். அன்றிலிருந்து சந்தாக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள்.

கழல்வதற்கு இதைவிட மோசமான வாரம் கிடையாது. வேலையை விட்டு வந்தபோது மனைவி மாளவிகாவிடம் அவனே ஒரு கெடு சொல்லியிருந்தான். "ரெண்டே வருஷம் மாளு. அதுக்குள்ள இது வீட்டுக் கடன் கட்டற அளவுக்கு வரலேன்னா, மறுபடி வேலைக்குப் போயிடறேன்." அந்த இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆப் மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் வந்தது. கடனைக் கட்டியது மாளவிகாவின் சம்பளம். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கெடுவைப் பற்றி அவள் ஒரு நாளும் நினைவுபடுத்தியதில்லை. நினைவுபடுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போதாக்குறைக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கிருந்து பேசிய சுஜி என்ற பெண் தேன் குரலில் சொல்லிவிட்டாள். "திங்கட்கிழமைக்குள்ள யெஸ்ஸா நோவான்னு சொல்லிடுங்க சார். வெயிட் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க."

அழைப்பு மணி விடாமல் அடித்தது.

வாசலில் ஷாகுல் நின்றிருந்தான். கல்லூரி நாளிலிருந்து சிநேகிதன். மேற்குத் தாம்பரத்தில் ஏ.சி. உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன.

"மச்சான், நான் உனக்கு இன்னா துரோகம் பண்ணேன்?"

"உள்ள வாடா. டீ போடட்டுமா?"

"டீ வேணாம், தூக்கம் குடு. இந்த வாரம் பூரா வூட்ல ஒருத்தரும் கண்ண மூடல. ஆஃபியா கத்துற கத்துல மேல் வூட்டுக்காரர் எறங்கி வந்து, குழந்தைய அடிக்கிறீங்களான்னு கேக்குறாரு. நேத்து கடைக்கு வந்தவரு காயில் கேட்டா, நான் கம்ப்ரஸர எடுத்துக் குடுத்து அனுப்பிக்கீறேன். பெருங்களத்தூர் போயிட்டுத் திரும்பி வந்து திட்டிட்டுப் போறாரு."

ஆஃபியா ஷாகுலின் மகள். இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை.

"புது சத்தம் எவ்வளவு க்ளியரா இருக்கு! கேட்டுப் பாத்தியா இல்லையா?"

"க்ளியராத்தான் கீது. அதான் பேஜாரே. அந்த அக்காவ எங்க தூக்குன?"

"எந்த அக்கா?"

"நடிக்காத மச்சான். கிரைண்டருக்குப் பின்னாடி ஒரு அக்கா பேசிகினே இருப்பாங்களே! இன்னா பேசுறாங்கன்னு ஒண்ணும் புரியாது. குசுகுசுன்னு அவங்க பாட்டுக்குப் போவும். அத கேட்டாத்தான் எம் பொண்ணு விரல வாய்ல வெச்சுகினு சாயும். எங்கூட்ல அதுக்குப் பேரே அக்கா பாட்டு."

அனந்து சிரித்தான். ஷாகுல் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். கடைக்கென்று வைத்திருக்கும் பழைய போன். ஸ்பீக்கர் போய்விட்டது, காதில் வைத்தால்தான் கேட்கும். அதில் ஆப்பின் பழைய வடிவம் மாறாமல் அப்படியே இருந்தது.

"கேளு."

அனந்து போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். கல் உருண்டது. பெல்ட் லேசாகக் கிறீச்சிட்டது. இதை அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். கடைசியாக எப்போது கேட்டான் என்றுதான் நினைவில்லை. கல்லுக்கும் பெல்ட்டுக்கும் அடியில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. ஏறும்போது கொஞ்சம் தயங்கியது. இறங்கும்போது சட்டென்று முடிந்தது.

அந்த ஏற்ற இறக்கம் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பக்கத்து ஃப்ளாட் ரேடியோவா இருக்கும்டா" என்றான்.

"ரேடியோவோ பேயோ, எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள அந்த அக்கா திரும்பி வரணும். வரலேன்னா ஆஃபியாவ இங்க கொண்டாந்து வுட்டுடுவேன். நீயே வெச்சுக்கோ."

ஷாகுல் போன பிறகு அனந்து பின்பக்கத்து பால்கனிக்குப் போனான். வாஷிங் மெஷினுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் அந்தப் பழைய கிரைண்டர், எதுவும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

அந்தக் குடியிருப்பில் சுவர் என்பது பெயருக்குத்தான். முதல் மாடியில் தும்மினால் மூன்றாம் மாடியில் கேட்கும். கிரைண்டர் ஓடும் நேரத்தில் மட்டும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லித் தராத வழக்கம். எந்த வீட்டிலாவது கிரைண்டர் ஓடினால், அதன் பக்கத்தில் யாரோ போனில் மனதைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். மாளவிகாவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உளுந்தைப் போட்டதும், திருச்சியில் இருக்கும் தங்கை ஸ்ம்ருதிக்குப் போன் போடுவாள். அவள் அப்படி ஆரம்பித்தபோது அனந்துவின் அப்பா அம்மாவும் இந்த வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

வேலையை விட்ட அந்த வாரத்து ஞாயிறுதான், ஆப்புக்காக முதல் சத்தத்தை அனந்து பதிவு செய்தான். தன் பழைய போனைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினான். "அதைத் தொடாதே மாளு" என்று மட்டும் சொன்னான். காலடிச் சத்தம் விழக் கூடாதென்று ஹாலுக்குப் போய்விட்டான். போன் எதற்குத் தொங்குகிறது என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. கேட்க அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இப்போது பழைய பதிவை அப்படியே திருப்பிப் போட்டால் முடிந்தது. அவள் என்ன பேசினாள் என்று அவன் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் மூடினான். கடைசியில் உட்கார்ந்து, குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருளில் பழைய பதிவைப் போட்டான். ஹெட்ஃபோனை மாட்டினான்.

"...இல்ல ஸ்ம்ருதி, அவன்கிட்ட சொல்லலை. எப்படிச் சொல்றது? காலேஜ்ல இருந்து வந்த மெயிலைக் காட்டலாம்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன். அவன் மைசூர்பா டப்பாவோட படியேறி வரான். மாளு, பேப்பர் போட்டுட்டேங்கறான். நீ அந்த முகத்தைப் பாக்கணுமே! ஸ்கூல்ல பரிசு வாங்கின பையன் மாதிரி. அதுக்கு முன்னாடி நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேலையை விட்டா கடனை யார் கட்டறது? ... ஆமா, ரெண்டு வருஷம், முழு நேரம். காது கேக்காத குழந்தைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற படிப்பு. சீட் கிடைக்காதுன்னுதான் அவன்கிட்ட சொல்லாமலே போட்டேன், கிடைச்சுடுத்து... பரவாயில்லை. அவன் ஜெயிக்கட்டும்... கோபமெல்லாம் இல்லை. கோபம் இல்லை, கோபம் இல்லைன்னு சொல்லிச் சொல்லித்தான் கோபம் வருது... சரி, உளுந்து ஆயிடுத்து. வெக்கறேன்."

அனந்து ஹெட்ஃபோனைக் கழற்றினான். அந்தப் படிப்பில் சேர்ந்திருந்தால் இந்நேரம் முடித்திருப்பாள்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் தெற்கே விரட்டினான். தாம்பரம் தாண்டியது. பெருங்களத்தூர் தாண்டியது. வண்டலூர் மேம்பாலம் வந்த பிறகுதான், மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தைப் பார்க்கவா வந்தோம் என்று உறைத்தது. ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். போனை எடுத்து சுஜிக்கு எழுதினான். வேலையை ஏற்றுக்கொள்கிறேன், எப்போது வேண்டுமானாலும் சேரத் தயார்.

அனுப்பியதும் உடம்பே லேசானது. தனக்குப் பிடித்ததைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்பதில் ஒரு கிறுகிறுப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கிறுகிறுப்பு தாம்பரம்வரை நீடித்தது. அங்கே ஒரு ஸ்வீட் கடையைப் பார்த்ததும் அவனுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. அன்றைக்கு எனக்காக வாங்கிய மைசூர்பாவை இன்றைக்கு அவளுக்காக வாங்கினால் என்ன?

வாங்கினான்.

பெற்றோர் கூட்டம் முடிந்து மாளவிகா வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினாள். மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள்.

"என்ன விசேஷம்?"

அவன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். ஷாகுல் வந்தது, அக்கா பாட்டு, மென்பொருள், ஹெட்ஃபோன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல இருக்கும். ஆனா ஒருத்தருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரிஞ்சிருக்காது மாளு. சத்தியமா."

"உனக்குப் புரிஞ்சுதே."

"எனக்கும் இன்னிக்குத்தான்..."

"ஆமா. ரெண்டு வருஷம் கழிச்சு. அதுவும் ஒரு மெஷின் பிரிச்சுக் கொடுத்ததுக்கப்புறம்."

அவன் அவசரமாக அடுத்ததைச் சொன்னான். "நான் சிறுசேரிக்கு யெஸ் போட்டுட்டேன். நீ உடனே அந்தப் படிப்புல சேர்ந்துடு. இனிமே உன் முறை."

"எப்போ போட்ட?"

"மத்தியானம்."

மாளவிகா டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். "அன்னிக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டு இந்த டப்பாவோட வந்து நின்ன. இன்னிக்கும் அதே டப்பா. கடையையாவது மாத்தியிருக்கலாம்."

"உனக்காகத்தானே..."

"அதான் பயமா இருக்கு. அந்த ஆபீஸ்ல உனக்கு மூச்சு முட்டும். எல்லாம் அவளுக்காகன்னு வாயை மூடிண்டு போயிட்டு வருவ. நான் ரெண்டு வருஷமா பண்ணினதை நீ பண்ண ஆரம்பிப்ப. எனக்கு அது வேண்டாம் அனந்து."

"நீ என்ன பண்ணின? ஒரு நாளாவது மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கியா?"

"வெக்கலையே. அதைத்தான் சொல்றேன்."

அவள் சமையலறைக்குப் போய் உளுந்து டப்பாவை எடுத்தாள். படியால் அளந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் பழைய சத்தத்தை மறுபடி போடக் கூடாது."

"ஷாகுலோட குழந்தை..."

"பாவம்தான். ஆனாலும் போடக் கூடாது. அது நான் ஸ்ம்ருதிகிட்ட சொன்னது. ஊருக்குச் சொன்னதில்லை."

சந்தாக்காரர்கள் மொத்தமாகப் போய்விடுவார்கள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய பதிவை அழித்தான். பிரித்தெடுத்த குரலையும் அழித்தான். ஷாகுலுக்கு, 'அக்கா வர மாட்டாங்கடா, மன்னிச்சுக்கோ' என்று அனுப்பினான். பதிலுக்கு ஷாகுல், மகள் அழுவதைப் பதிவு செய்து அனுப்பினான்.

மறுநாள் காலை கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும், பழக்கப்படி அனந்து ஹாலுக்கு நகர்ந்தான்.

"எங்க போற? உன் பழைய போனைக் கொண்டா" என்றாள் மாளவிகா.

கொண்டுவந்தான். அவளே அதைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். பதிவு ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காரு. இன்னிக்கு ஸ்ம்ருதிக்குப் போன் இல்லை. அவகிட்ட பேசறதை உங்கிட்ட பேசப் போறேன். கிரைண்டர் நிக்கற வரைக்கும்தான். நடுவுல ஸாரி கீரின்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுவேன்."

"இந்தப் போன் எதுக்கு?"

"எத்தனையோ வீட்டுல பச்சைக் குழந்தைங்க கத்திண்டிருக்கே. வார்த்தை புரியாம இருந்தாப் போதும். அதை நான் கேட்டுப் பாத்து ஓகே சொன்னப்புறம்தான் நீ வெளியில விடணும்."

பேசினாள். கிரைண்டர் சத்தத்துக்கு அடியில், காதோடு சொல்வதுபோலப் பேசினாள். சம்பள நாளன்று தனக்கு வரும் எரிச்சலைச் சொன்னாள். கடைசி பெஞ்சில் யாரும் கவனிக்காமல் விட்டிருந்த ஒரு காது கேட்காத பெண்ணுக்கு, விரல்களாலேயே பின்னம் புரியவைத்த அன்று தான் எவ்வளவு பூரிப்போடு வீட்டுக்கு வந்தாள் என்று சொன்னாள். அன்று அவன் சந்தா எண்ணிக்கையை வெறித்துக்கொண்டிருந்ததால் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.

பிறகு அவன் முறை வந்தது. வார்த்தை வார்த்தையாக இழுத்தான். சிறுசேரிக்குப் போகவே பிடிக்கவில்லை என்றான். அது பாதிதான் உண்மை என்று அவனுக்கே தெரிந்ததும், மீதியையும் சொன்னான்.

"இந்த ஆப்பும் இப்பல்லாம் எனக்குப் பிடிக்கலை மாளு. மொதல்ல ரயில்ல உக்காந்து ஃபேன் சத்தத்துக்காகவே தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் போயிட்டு வருவேன். இப்ப எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் போனாங்க, அதையே பாத்துண்டிருக்கேன். அந்த மென்பொருள்ல போட்டு அலசினேனே, அதுக்கப்புறம் ஒரு தடவைகூட உக்காந்து கேக்கலை. கேட்டிருந்தா ஷாகுல் வந்து சொல்ல வேண்டியிருந்திருக்காது."

மாளவிகா உளுந்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

"அந்தக் காலேஜ்ல இந்த வருஷம் சேர்க்கை இருக்கான்னுகூடத் தெரியாது. நான் விசாரிக்கறேன். நான்தான் விசாரிப்பேன், நீ மெயில் கியில் போட்டு வெக்காதே."

"சரி."

"சுஜிகிட்ட, காலேஜ் தொறக்கற ஜூன்ல சேரலாமான்னு கேளு. எனக்கு சீட் கிடைச்சா நீ போ. நான் முடிச்சதும் நீ வெளியில வா. கிடைக்கலேன்னா..."

"கிடைக்கலேன்னா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

"அதுவரைக்கும் நான் தூங்க வேண்டாமா?"

"ரெண்டு வருஷம் நான் தூங்கினேனா?"

இப்படியே மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்ததில் இருவரும் கிரைண்டரை மறந்துவிட்டார்கள். உளுந்து பொங்கி டிரம்மின் விளிம்பைத் தாண்டி, தரையில் சொட்ட ஆரம்பித்த பிறகுதான் மாளவிகா "ஐயையோ" என்று பாய்ந்தாள். அந்த ஐயையோவை மட்டும் பதிவிலிருந்து வெட்ட வேண்டியிருந்தது.

வேறு எதையும் அனந்து அலசவில்லை. முழுவதையும் உட்கார்ந்து கேட்டான். அவளும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். சில இடங்களில் கையைக் காட்டி, "இங்க குறை, புரியறது" என்றாள். குறைத்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 'ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர்' வெளியே போய்விட்டது.

சுஜிக்கும் இரண்டாவது மெயில் போய்விட்டது. ஜூன் என்றால் அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா, கிடைத்த வேலையும் கையைவிட்டுப் போகுமா? ஞாயிற்றுக்கிழமை யாரும் பதில் போட மாட்டார்கள் என்று தெரிந்தும், அனந்து நிமிடத்துக்கொரு தரம் போனை எடுத்துப் பார்த்தான். எதிரே மாளவிகா அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். நகத்தையும் கடித்தாள். மைசூர்பா டப்பா நடுவில் திறந்து கிடந்தது. யார் எப்போது எடுத்தார்கள் என்று தெரியாமல் பாதி காலியாகியிருந்தது.

போன் அதிர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

சுஜி அல்ல, ஷாகுல். குரல் பதிவு அனுப்பியிருந்தான். மகள் எழுந்துவிடக் கூடாதே என்று கிசுகிசுத்தான்.

"மச்சான், தூங்கிருச்சு! அக்கா வந்துட்டாங்க, சூப்பர். ஆனா இன்னா, இந்த வாட்டி ஒரு அண்ணனும் கூட சேந்து பேசுறாரு. அக்கா சும்மா ஜோரா பேசிகினு போறாங்க. அந்தாளுதான் நடுவுல பூந்து இழு இழுன்னு இழுக்குறாரு. அவர மட்டும் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

அனந்து லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினான். மாளவிகா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வேண்டாம், விடு. அவரும் பேசட்டும்."